சத்திரசிகிச்சை முடிந்த கைக்கு அடுத்த 12 கிழமைகள்

கையில் ஒப்பரேசன் செய்துகொண்டு வீடு திரும்பியவரிடம் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஒப்பரேசன் சரிவந்திட்டுதோ?” வேறு பல ஒப்பரேசன்களுக்கு இந்தக் கேள்விக்கான பதிலைச் சில நாட்களில் சொல்லிவிடலாம். கைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அறுந்த தசைநாணை வைத்தியர் தைத்திருப்பார். நொறுங்கிய எலும்பைக் கம்பி போட்டுச் சேர்த்திருப்பார். போன தோலுக்கு வேறிடத்துத் தோலை எடுத்து வைத்திருப்பார். ஆனால் அந்தக் கையால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியுமா, சட்டைப் பொத்தானைப் போட முடியுமா என்பது அடுத்த 12 கிழமைகளில், அதுவும் பெரும்பாலும் வீட்டில் வைத்தே, தீர்மானமாகின்றது.

வன்னியின் இறுதி யுத்தத்தில் காயப்பட்ட பலருக்கு அந்த 12 கிழமைகள் கிடைக்கவில்லை. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை வன்னிக் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவரப்பட்டவர்களுக்கு உயிரைக் காப்பதும் காயத்தை மூடுவதுமே முதல் வேலையாக இருந்தது. அதன்பின் முகாம் வாழ்க்கை. காயம் ஆறியது. விரல் மட்டும் மடங்கியது மடங்கியபடியே, நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது.

எங்கள் செய்திகளும் இவர்களைக் “காயமடைந்தோர்” என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டன. காலை இழந்தவரைக் கண்டால் எவருக்கும் தெரியும். விறைத்த கையைச் சட்டைப் பைக்குள்ளோ சேலைத் தலைப்புக்குள்ளோ வைத்துக்கொள்ளலாம். அதனாலேயே அது கணக்கிலும் வராமல் போனது.

இந்தக் கட்டுரை இரண்டு தரப்பினருக்கானது. ஒரு தரப்பினர் விபத்தாலோ தீக்காயத்தாலோ பழைய எறிகணைக் காயத்தாலோ இப்போது கையில் சீரமைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்யவிருப்பவர்களும். மற்றத் தரப்பினர், பல ஆண்டுகளுக்கு முன்னரே விறைத்துப்போன கையோடு “இனி என்ன செய்வது” என்று விட்டுவிட்டவர்கள். இதில் வரும் நாட்கணக்குகள் பொதுவானவை. உங்கள் கைக்குரிய கணக்கை உங்கள் சத்திரசிகிச்சை வைத்தியரும் இயன்மருத்துவருமே சொல்ல முடியும்.

கை ஏன் விறைக்கின்றது?

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. ஆனால் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை எதுவும் இல்லை. மடக்கும் தசைகளின் பெரும்பகுதி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கின்றது. அங்கிருந்து வரும் தசைநாண்கள் ஒடுக்கமான உறைகளுக்குள்ளால் ஓடி விரலை இழுக்கின்றன. சைக்கிளின் பிரேக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியை அழுத்தும்போது உள்ளே இருக்கும் கம்பி உறைக்குள் வழுக்கி ஓடினால்தான் சில்லு நிற்கும். மழையில் நனைந்த சைக்கிளை இரண்டு மாதம் ஓடாமல் சுவரில் சாத்திவைத்தால் கம்பியும் உறையும் துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

கையிலும் ஏறத்தாழ அதுதான் நடக்கின்றது. காயம் பட்டாலும் கத்தி பட்டாலும் உடல் அந்த இடத்தைத் தழும்பு இழையத்தால் ஒட்டுகின்றது. தைத்த தசைநாணை ஒட்டவைப்பது அந்தத் தழும்புதான். ஆனால் அது எங்கே நிற்பது என்று அறியாது. தசைநாணின் இரண்டு முனைகளையும் ஒட்டும்போதே தசைநாணை உறையோடும் எலும்போடும் தோலோடும் சேர்த்து ஒட்டிவிடும். இதற்கு மேலாக வீக்கம் வேறு. காயத்தைச் சுற்றித் தேங்கும் நீரில் புரதம் நிறைய உண்டு. அது வடியாமல் நின்றால் பசை போல இறுகிவிடும்.

அசைத்தால் தையல் அறுந்துவிடும். அசைக்காவிட்டால் கை ஒட்டிவிடும். கைக்கான இயன்மருத்துவம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய பாதையில்தான் நடக்கின்றது.

கைக்குள் ஒரு சூனியப் பிரதேசம்

கைச் சத்திரசிகிச்சையின் வரலாற்றில் எமது வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு சொல் வருகின்றது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்கப் படையினரின் கைகளுக்கெனத் தனிச் சிகிச்சை நிலையங்கள் உருவாக வழிகாட்டியவர் ஸ்ரேர்லிங் பனல் என்ற வைத்தியர். உள்ளங்கையின் மேல் மடிப்பிலிருந்து விரலின் நடுப்பகுதி வரையுள்ள பகுதிக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் “சூனியப் பிரதேசம்”. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரண்டு சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் ஆளில்லாமல் கிடந்த நிலத்தைச் சுட்ட நாம் பயன்படுத்திய அதே சொல்.

அந்தப் பகுதியில் இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. அங்கே அறுந்ததைத் தைத்தால் எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே உடனே தைக்க வேண்டாம், தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறொரு தசைநாணை எடுத்து ஒட்டலாம் என்பதே நீண்டகாலம் வைத்தியர்களின் கொள்கையாக இருந்தது.

1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரோல்ட் கிளைனேர்ட்டும் அவரது குழுவினரும் அங்கேயே தைத்து நல்ல பலன் கண்டதாக அறிவித்தபோது பலர் நம்பவில்லை. கவனமான தையல் ஒரு காரணம். மற்றக் காரணம் ஒரு றப்பர் பட்டி. விரல்நுனியை றப்பர் பட்டியால் மணிக்கட்டுப் பக்கம் இழுத்துக் கட்டினார்கள். நோயாளி விரலைத் தானே நிமிர்த்துவார். விட்டதும் றப்பர் மடக்கிவிடும். தைத்த தசைநாண் தானாக இழுபடாமலே உறைக்குள் முன்னும் பின்னும் ஓடியது. 1975இல் ரொபேட் டியூரனும் அவரது சகாவும் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். அதில் நோயாளி மற்றக் கையால் விரலை மடக்கி நிமிர்த்தித் தசைநாணைச் சில மில்லிமீற்றர் மட்டும் நகர்த்துவார். அந்தச் சில மில்லிமீற்றரே ஒட்டைத் தடுக்கப் போதுமாக இருந்தது. இன்று பல இடங்களில், உறுதியான தையல் போட்ட கையை முதற்கிழமைக்குள்ளேயே நோயாளியே மெதுவாக, அரைவாசி மட்டும் மடக்கிப் பழகுமாறு சொல்கிறார்கள்.

முதல் நாட்கள்

வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை வீக்கத்தை இறக்குவது. கை நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். படுக்கும்போது இரண்டு தலையணைக்கு மேலே. இருக்கும்போது கதிரைக் கைப்பிடியில் தலையணை வைத்து அதற்கு மேலே. கழுத்தில் தூக்குப்பட்டி கட்டிக் கையை வயிற்றருகில் தொங்கவிட்டால் வீக்கம் இறங்காது. பஸ்ஸில் இடிபடாமல் வருவதற்குத் தூக்குப்பட்டி நல்லது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கட்டுப் போடாத மூட்டுகளை, அதாவது தோளையும் முழங்கையையும் காயப்படாத விரல்களையும், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஒவ்வொரு மணித்தியாலமும் அசைக்க வேண்டும். ஒரு விரலில் காயம் பட்டு, மூன்று மாதத்தில் தோளும் சேர்ந்து இறுகி வருபவர்கள் எந்தக் கிளினிக்கிலும் உண்டு.

வீங்கிய கையை அதன்பாட்டில் விட்டால் அது தவறான வடிவத்துக்குப் போகும். மணிக்கட்டு முன்னே சாயும், முட்டி மூட்டுகள் நிமிரும், விரல்கள் கொக்கி போல வளையும். அப்படியே இறுகினால் பிறகு அதைத் திருப்புவது பெரும்பாடு. அதனால்தான் ‘ஸ்பிளின்ற்’ என்ற தாங்கியைப் போடும்போது கையைப் பெரும்பாலும் வேறொரு நிலையில் வைக்கிறார்கள். மேசை விளிம்பில் உள்ளங்கையை வைத்து விரல்களை மட்டும் நேராகக் கீழே தொங்கவிட்டால் வரும் வடிவம் அது. முட்டி மூட்டு 70 முதல் 90 பாகை மடங்கியிருக்கும். விரலின் மற்ற இரண்டு மூட்டுகளும் நேராக இருக்கும். மணிக்கட்டு 20 முதல் 30 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். பெருவிரல் உள்ளங்கையை விட்டு விலகி நிற்கும். இந்த நிலையில் மூட்டுகளின் இணைப்புநார்கள் இழுபட்டிருப்பதால் அவை சுருங்குவதில்லை. மடக்கும் தசைநாண் தைத்த கைக்கு மணிக்கட்டின் கோணம் மாறும். ஆகவே பக்கத்துக் கட்டில்காரரின் ஸ்பிளின்றைப் பார்த்து உங்களுடையது பிழை என்று நினைக்க வேண்டாம்.

கிழமைகளின் கணக்கு

தைத்த தசைநாண் முதல் நாளில் இருப்பதைவிட அடுத்த சில நாட்களில் மேலும் பலவீனமாகும். ஒட்டப்போகும் முனைகள் முதலில் மென்மையாகிப் பிறகே இறுகுகின்றன. நோவு குறைந்து, “இப்ப சுகம்தானே” என்று தோன்றும் இரண்டாம், மூன்றாம் கிழமைதான் அவதானமாக இருக்க வேண்டிய காலம். வாளியைத் தூக்கியோ, சரிந்த பாத்திரத்தைச் சட்டென்று பிடித்தோ, குழந்தையை இடுப்பில் வைத்தோ தையலை அறுத்துக்கொள்வது இந்த நாட்களில்தான். ‘டிக்’ என்று ஏதோ விட்டதுபோல் இருந்து, அதன்பின் விரல் மடங்கவில்லை என்றால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. மறுநாளே போக வேண்டும். சில நாட்களுக்குள் போனால் மீண்டும் தைக்க இடமுண்டு.

மடக்கும் தசைநாண் தைத்தவர் ஸ்பிளின்றை ஏறத்தாழ 6 கிழமை இரவு பகலாகப் போட்டிருப்பார். பயிற்சி அந்த ஸ்பிளின்றுக்குள்ளேயே நடக்கும். வழமையான அறிவுறுத்தல், விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறத்தாழ பத்துத் தடவை என்பது. காலையில் ஒரே மூச்சாக நூறு தடவை செய்துவிட்டு மாலைவரை விட்டுவிடுவதால் கை வீங்குமே தவிரப் பயனில்லை. 6 கிழமைக்குப் பின் ஸ்பிளின்ற் படிப்படியாகக் கழறும். 8 கிழமை அளவில் கோப்பை, சீப்பு, கரண்டி போன்ற இலகுவான பொருட்கள். 12 கிழமைக்குப் பிறகே இறுக்கிப் பிடித்தல், பாரம் தூக்குதல், மண்வெட்டி. விரல்நுனியின் பின்பக்கத் தசைநாண் அறுந்து நுனி தொங்கினால் கணக்கு வேறு. அந்த நுனியை 6 முதல் 8 கிழமை ஒரு நிமிடமும் மடங்கவிடாமல் நேராகத் தாங்கியில் வைத்திருக்க வேண்டும். குளிக்கும்போது ஒருமுறை மடங்கினாலும் நாட்களை முதலில் இருந்து எண்ண வேண்டிவரலாம்.

எங்கள் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியத்துக்கு நீண்ட மரபும் மரியாதையும் உண்டு. அந்த மரபோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் தைத்த தசைநாணும் பொருத்திய எலும்பும் ஒட்டும் காலத்தில் எண்ணெய் போட்டு உருவி இழுப்பதற்கு அந்தக் கையைக் கொடுக்க வேண்டாம். வீட்டார் அன்பு மிகுந்து விரலைப் பிடித்து வளைப்பதும் இதே வகைதான். பலவந்தமாக இழுத்த மூட்டு மறுநாள் கூடுதலாக வீங்கும். வீங்கியது கூடுதலாக இறுகும். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் தணியும் நோவு சாதாரணமானது. இரவு முழுவதும் நீடிப்பது அளவு மீறியதன் அடையாளம்.

கையை மூடிய தோல்

எறிகணையாலோ இயந்திரத்தாலோ தோலும் சதையும் சேர்ந்து போன இடத்துக்குச் சில வேளை அடிவயிற்றின் கீழ்ப்பக்கத் தோலை, அதன் இரத்தக் குழாயோடு, மடலாகத் தூக்கிக் கையில் தைக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று கிழமைக்குக் கை இடுப்போடு சேர்ந்தே இருக்கும். பிறகுதான் வெட்டிப் பிரிப்பார்கள். நுண்கருவிகளால் இரத்தக் குழாய் பொருத்தும் வசதி இல்லாத இடங்களில் எத்தனையோ கைகளைக் காப்பாற்றிய முறை இது. 1972இல் ஸ்கொட்லாந்து வைத்தியர்கள் விவரித்தது. அந்த மூன்று கிழமையும் வெறுமனே படுத்திருந்தால் பிரித்தெடுத்த அன்று கையோடு முழங்கையும் தோளும் சேர்ந்து விறைத்திருக்கும். ஒட்டிய நிலையிலேயே விரல்களையும், முடிந்த அளவுக்குத் தோளையும் எப்படி அசைப்பது என்று இயன்மருத்துவர் காட்டித்தருவார். அவர் வரவில்லையென்றால் கேட்டு வரவழையுங்கள்.

மெல்லிய தோல் ஒட்டு வைத்த கையை முதல் ஐந்து முதல் ஏழு நாட்கள் அசைக்கக் கூடாது. தோல் பிடித்துவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு அசைக்காமல் விடக் கூடாது. ஒட்டிய தோல் சுருங்கும் இயல்புடையது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கினால் போத்தலைக்கூடப் பிடிக்க முடியாது. கையின் மொத்த வேலையில் ஏறத்தாழ 40 சதவீதம் பெருவிரலுடையது என்று வைத்தியர்கள் கணிக்கிறார்கள்.

தையல் பிரித்து, காயம் முழுதாக மூடியபின் தழும்பை நாளுக்கு இரண்டு மூன்று தடவை தேங்காய் எண்ணெயோ மணமற்ற கிறீமோ தடவி, மற்றக் கைப் பெருவிரலால் அழுத்தி வட்டமாக நீவ வேண்டும். ஒட்டு வைத்த தோலுக்கு வேர்வையும் எண்ணெய்ப்பசையும் இல்லாததால் அது வரண்டு வெடிக்கும். வெயில் பட்டால் கறுக்கும். தீக்காயத் தழும்புக்கு இறுக்கமான அழுத்தக் கையுறை கொடுத்திருந்தால் அது குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் போடுவதற்கானது. எங்கள் வெக்கையில் அது எத்தனை சிரமம் என்பது போட்டவருக்குத்தான் தெரியும். ஆனாலும் தழும்பு முற்றி அடங்க ஓர் ஆண்டுக்கு மேல் எடுக்கும்; அதுவரைக்கும் அது சுருங்கிக்கொண்டே இருக்கும்.

நரம்பு: ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்

வெட்டுண்டு தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளர்கின்றது. மணிக்கட்டில் அறுந்தால் விரல்நுனி வரை உணர்ச்சி வந்துசேர ஆறேழு மாதமாவது ஆகும். நரம்பு எதுவரை வந்துவிட்டது என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. நரம்பின் பாதையில் விரலால் தட்டினால், வளரும் முனை இருக்கும் இடத்தில் மின்சாரம் அடித்தது போலக் கூசும். மாதம் போகப் போக அந்தக் கூச்சம் விரல் பக்கமாக இறங்கினால் நரம்பு வளர்கின்றது. இதை 1915ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். ஒருவர் பிரான்சின் ஜூல் தினெல், மற்றவர் ஜேர்மனியின் போல் ஹொஃப்மன். இருவரும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த இரண்டு படைகளின் காயப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

உணர்ச்சி திரும்பும் வரையுள்ள மாதங்களில் கையின் பெரிய எதிரி அடுப்படி. சூடு தெரியாத விரல் சட்டியைப் பிடித்தபடியே வெந்துபோகும். இதை உலகுக்கு அழுத்திச் சொன்னவர் போல் பிராண்ட். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கியவர். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலத்தில், உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் படும் சூடும் வெட்டும் உரசலுமே விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். நரம்பறுந்த எந்தக் கைக்கும் அதே விதிதான். சட்டியைத் துணியால் பிடியுங்கள். குளிக்கும் சுடுநீரை மற்றக் கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் விரல்களைப் பார்த்து, சிவந்த இடம், கொப்புளம், முள் உண்டா என்று தேடுங்கள்.

திரும்பிவரும் உணர்ச்சி முதலில் தாறுமாறாக இருக்கும். துணி பட்டாலும் ஊசி குத்துவது போல எரியும். அதற்குப் பயிற்சி வீட்டிலேயே உண்டு. பஞ்சு, பிறகு துவாய், பிறகு ஒரு பாத்திரம் அரிசி, பிறகு பயறு, பிறகு மணல் என்று கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். பின்னர் கண்ணை மூடிக்கொண்டு அரிசிக்குள் ஒரு நாணயத்தையும் பொத்தானையும் ஒளித்துவைத்து எது எது என்று தேட வேண்டும். கையிலிருந்து வரும் புதிய சேதியை மூளை மறுபடி படிக்கப் பழக வேண்டியிருக்கின்றது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு விளையாட்டாகச் செய்தால் சலிக்காது.

காயத்துக்குப் பொருந்தாத நோவு

சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் கை நெருப்பாய் எரியும். தோல் மினுங்கும், நிறம் மாறும், வேர்க்கும், காற்றுப் பட்டாலும் தாங்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் சூடுபட்டவர்களிடம் இதைக் கண்டு 1864இல் சைலஸ் வெயர் மிச்சலும் அவரது சகாக்களும் எழுதினார்கள். இது மனப்பிரமை இல்லை; நடிப்பும் இல்லை. நோவுக்குப் பயந்து கையைப் பொத்திவைக்க வைக்க அது முற்றும் என்பதால், அறிகுறி கண்டவுடன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இதற்கும், போன கை இன்னும் இருப்பது போல நோகும் நோவுக்கும் பயன்படும் ஒரு முறை கண்ணாடிப் பயிற்சி. நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் விம்பம் நோகும் கை இருக்கும் இடத்தில் தெரியும்படி வைத்து, நல்ல கையை அசைக்க வேண்டும். நோகும் கை நோவில்லாமல் அசைவதாக மூளை காண்கின்றது. 1990களில் இதை அறிமுகப்படுத்தியவர் சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். இராமச்சந்திரன். எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆனால் செலவு ஒரு முகக்கண்ணாடி மட்டுமே.

பழைய கைகள்

இனி, 2009இலோ அதற்கு முன்னரோ விறைத்த கைகள். இங்கே பொய் நம்பிக்கை தருவது பாவம்; நம்பிக்கையே இல்லை என்று சொல்வதும் உண்மையில்லை. நரம்பு போய் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்கு மேலான தசை மீண்டும் வேலை செய்வது அரிது. அந்த நரம்பை இப்போது தைத்தாலும் தசை எழும்பாது. ஆனால் வேலை செய்யும் வேறொரு தசையின் தசைநாணைக் கழற்றிச் செத்த தசையின் இடத்தில் பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு இப்படியான காலக்கெடு இல்லை. மணிக்கட்டுத் தொங்கிப்போன படையினருக்கு முதலாம் உலகப் போர்க் காலத்தில் ரொபேட் ஜோன்ஸ் இதைச் செய்தார். பிராண்ட் வேலூரில் பல ஆண்டுகளாக நகம்போல் வளைந்திருந்த கைகளை இப்படித்தான் திறந்தார்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மற்றக் கையால் பிடித்து அசைத்தால் மூட்டுகள் அசைய வேண்டும். துருப்பிடித்த பிணைச்சலில் எத்தனை புதிய கயிற்றைக் கட்டினாலும் கதவு திறக்காது. ஆகவே இங்கே இயன்மருத்துவம் கத்திக்கு முன்னரே வருகின்றது. வெந்நீர் ஒத்தடம், மெதுவான நீட்டல், சில நாட்களுக்கு ஒருமுறை கோணம் மாற்றிப் போடும் ஸ்பிளின்ற் என்று கிழமைகள், சில வேளை மாதங்கள் எடுக்கும். சிலருக்கு இதிலேயே போதுமான அசைவு கிடைத்து ஒப்பரேசன் தேவைப்படாமலும் போகலாம். ஒப்பரேசன் செய்தாலும் அதன்பின் இன்னொரு பாடம் காத்திருக்கின்றது. மணிக்கட்டை மடக்கிய தசை இப்போது விரலை நிமிர்த்தும் என்பதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். வேலூரில் இதற்காகவே நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை அமைத்து, சீரமைத்த கைகளால் தச்சுவேலையும் பொம்மை செய்வதும் பழக்கினார்கள்.

பழைய காயக்காரர்கள் இயன்மருத்துவப் பிரிவுக்குள் நுழையும்போதே சொல்ல வேண்டிய ஒன்று: உடலில் எறிகணைச் சிதறு துண்டு இருக்கின்றதா என்பது. ஆழச் சூடு கொடுக்கும் ‘ஷோர்ட்வேவ்’ போன்ற கருவிகள் உலோகத்தைச் சூடாக்கிச் சதையை உள்ளேயே பொசுக்கக் கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னும் இதைச் சொல்ல வேண்டும். அந்தத் துண்டு எப்படி வந்தது, எங்கே இருந்தீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. “உள்ளே இரும்புத்துண்டு இருக்குது” என்பது போதும். சந்தேகம் என்றால் ஒரு எக்ஸ்ரே காட்டிவிடும். கையைத் தொடவோ பார்க்கவோ விடுவதே சிலருக்குப் பழைய நாட்களைக் கிளப்பும். ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லவும், பெண்கள் பெண் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று கேட்கவும் தயங்க வேண்டியதில்லை.

தூரமும் கூலியும்

அரசாங்க வைத்தியசாலையில் இயன்மருத்துவத்துக்குக் காசில்லை. அங்கே போய்ச்சேர்வதற்குத்தான் காசு. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கிழமைக்கு இரண்டு தரம் போய்வந்தால் நாட்கூலிக்காரர் ஒருவரின் இரண்டு நாட்கூலியும் பஸ் காசும் போய்விடும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணிடம் “ஆறு கிழமை உடுப்புத் தோய்க்கக் கூடாது” என்று சொல்வது துண்டில் எழுத இலகுவானது. கிளினிக்குக்கு வராமல் விட்டவரைப் “பொறுப்பில்லாதவர்” என்று குறிப்பது இந்தக் கணக்கைப் பார்க்காமல் எழுதும் தீர்ப்பு என்பேன்.

இருக்கும் நிலைமைக்குள் செய்யக்கூடியவை சில. அவசரமற்ற, பழைய காயத்துக்கான ஒப்பரேசன் என்றால் திகதியை நீங்களும் சேர்ந்து தீர்மானிக்கலாம். காலபோக அறுவடைக்கு முன்னரோ மீன்பாடு நல்ல மாதங்களிலோ வேண்டாம் என்று வைத்தியரிடம் சொல்லலாம். வீடு போக முன்னர், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் இயன்மருத்துவர் இருக்கிறாரா, அங்கே மாற்றிக் கடிதம் தரமுடியுமா என்று கேளுங்கள். எந்த மூட்டை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது, எந்தத் திகதிவரை என்று மூன்றையும் கொப்பியில் தமிழில் எழுதித்தரச் சொல்லுங்கள். சிகிச்சையாளர் பயிற்சியைக் காட்டும்போது அவர் அனுமதித்தால் தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பலம் சேர்க்கும் காலம் வந்ததும் கடையில் விற்கும் பயிற்சிக் களிக்குப் பதிலாகக் கோதுமை மாவைக் குழைத்துப் பிசையலாம். பிட்டுக்கு மாக் கொத்துவதும், இடியப்ப உரலைப் பிழிவதும், ஈரத் துவாயை முறுக்குவதும், உடுப்புக் கிளிப்பை அழுத்தித் திறப்பதும், ஓலை பின்னுவதும், வலை பொத்துவதும் ஒவ்வொன்றும் வெவ்வேறு பிடியைப் பழக்குகின்றன. மோட்டார் சைக்கிள் ஓடுபவர் இடக்கையில் காயப்பட்டிருந்தால் கிளச் பிடியை, இயந்திரத்தை நிறுத்திவைத்தபடியே, நாலு விரலாலும் இழுத்து விட்டுப் பழகிய பிறகே தெருவுக்கு இறங்க வேண்டும்.

முன்னேற்றம் நாளாந்தம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலர் நாலாம், ஐந்தாம் கிழமையில் கைவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம் ஒன்றை எடுத்து, விரல்களை முடிந்தவரை மடக்கி, விரல்நுனிக்கும் உள்ளங்கை மடிப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஒரே நேரத்தில். திகதியையும் சென்ரிமீற்றரையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தை இயன்மருத்துவரிடம் திறந்து காட்டுங்கள்.